வால் முறிந்த மூன்று

விளக்கைச் சாய்த்துப் பிடி என்றேன் ஸாரெனிடம்.
நேராக அடிக்கும் வெளிச்சம் எதையும் காட்டாது.
பக்கவாட்டில் விழுந்தால்தான்
இரும்பின் பள்ளம் வாய் திறக்கும்.

ஓர்மி ஊரில் ஒரு ரொட்டிக்கடையின் பின்கட்டு.
மாவுச் சாக்குகளுக்கும் உடைந்த தராசுக்கும் நடுவே
ஒரு பி.எஸ்.ஏ., எம் இருபது.
சண்டைக்கு வந்து, சண்டை முடிந்து,
ஊர் திரும்பாமல் நின்றுவிட்ட பிரிட்டிஷ் வண்டிகளில் ஒன்று.
பச்சைமேல் கறுப்பு, கறுப்புமேல் சிவப்பு,
எல்லாவற்றின்மேலும் மால்ட்டாவின் சுண்ணாம்புத் தூசி.

வாங்க வருகிறவர் டென்மார்க்கில் பல் மருத்துவர்.
எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்
பத்துக்குப் பத்து பொருந்த வேண்டுமாம்.
பார்த்துச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்திடுவது என் வேலை.
ஸாரென் புட்டிஜீஜ் அந்தப் பணத்தில்
கடைக்கூரையை ஏற்கெனவே பாதி மாற்றிவிட்டான், வாயால்.

முதலில் கழுத்துக் குழாய்.
பெயின்டைக் கரைத்து, பல் பிரஷால் தேய்த்து,
சாக்பீஸைக் குறுக்காக இழுத்தேன்.
டபிள்யூ, எம், இருபது. அப்புறம் ஐந்து இலக்கம்.
பர்மிங்ஹாம் கைதான்.
எட்டு மட்டும் கொஞ்சம் தலை குனிந்திருக்கிறது,
மற்றபடி எல்லாம் ஒரே ஆழம்.
எத்தனையோ கழுத்துகளில் இறங்கிய சுத்தியலுக்கு
அவசரமும் இல்லை, ஆசையும் இல்லை.
தலையெழுத்து என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து எஞ்சினின் இடுப்பு, சிலிண்டருக்குக் கீழே.
மறுபடி சாக்பீஸ்.
அதே ஐந்து இலக்கம்.
"பாத்தீங்களா!" என்று விளக்கை ஆட்டினான் ஸாரென்.

உதைத்தால்தான் கிளம்பும் இந்த வண்டி.
எனக்குக் கணக்கு உதைத்தது.

அந்தத் தொழிற்சாலையில் அப்போது
எஞ்சினுக்கு ஒரு வரிசை, சேஸிஸுக்கு வேறு வரிசை.
ஒரே நாளில் பூட்டிய இரண்டும்
இரண்டு எண்ணோடுதான் கதவைத் தாண்டின.
பொருந்தாமல் இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

நகத்தால் தடவினேன். லேசான குழி.
அரத்தின் சாய்ந்த கீறல்கள்.
புதிய எண்ணை அடித்த கைக்கு இது பழக்கமில்லை:
இரண்டு தரம் விழுந்த ஆறு,
வரிசையை விட்டு இறங்கிப்போன ஒன்பது.
மூன்றுக்கு வாலே இல்லை, கீழ்வளைவு பாதியில் நின்றுவிட்டது.

"திருட்டு வண்டியா?"
தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது.

கைகழுவ அடுப்பறைக்குப் போனேன்.
சுவரோரம் ரொட்டித் தட்டுகள், கறுத்து, அடுக்கடுக்காய்,
ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஓர் எண்.
ஒன்று. இரண்டு.
மூன்று, வாலில்லை.
பதின்மூன்று, வாலில்லை.
முப்பத்து மூன்றில் இரண்டுக்குமே இல்லை.

"இதெல்லாம் யார் அடிச்சது?"
"ஜுதித்தா பெரியம்மா. இரவல் போன தட்டு திரும்பி வராதாம்."
கேட்காமலே மேலும் சொன்னான்:
பெரியப்பா படுத்த பிறகு ரொட்டி கொண்டுபோனது அவள்தான்.
வண்டியைத் தன் பெயருக்கு மாற்றப் போனாள்,
மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்.
இரண்டு எண் எப்படி என்றார்களாம்.
படிவத்தில் ஒரே கட்டம்தானாம்.

மூன்றாம் தடவைக்கும் நான்காம் தடவைக்கும் நடுவே
ஓர் இரவு இருந்திருக்கும்.
மாவு உப்பும் நேரம். ஓர் அரம்.
தட்டுக்கு வாங்கிய அச்சுகள்.
இதற்கெல்லாம் என்னிடம் சாட்சி கிடையாது,
நாற்பது தட்டுகளைத் தவிர.

தாளில் எழுதினேன்:
சேஸிஸ், பர்மிங்ஹாம்.
எஞ்சின், அதே வகை, பிறந்த எண் போய்விட்டது.
இப்போதைய எண் அடிக்கப்பட்ட இடம், ஓர்மி.
பொருந்துகிறதா என்ற கேள்விக்கு:
பொருந்துகிறது, அதுதான் கோளாறு.

ஸாரென் வாயால் ஏற்றிய கூரையை
ஒவ்வொரு ஓடாக இறக்கிக்கொண்டிருந்தான்.

தட்டையும் எடுத்து வை என்றேன், முப்பத்து மூன்றாவதை.
வரட்டும் அந்த டாக்டர்.
உடைந்த பல்லை வைத்து
ஆளைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்தானே.